ஆணுறை எவ்வளவு காக்கும்? 98, 87, 80 என்ற எண்கள் எப்படி அளக்கப்பட்டன?

இளவேனில் எழுதியது:

செவிலியர் பயிற்சி மாணவிகளுக்குப் பால்வினை நோய்த் தடுப்பு குறித்து வகுப்பெடுக்கும் பொறுப்பு எனக்கு வந்திருக்கிறது. பாடக்குறிப்பு தயாரிக்கும்போது ஆணுறையின் பயன்திறன் பற்றி மூன்று எண்கள் கண்ணில் பட்டன. கருத்தடைக்காக ஒவ்வொரு முறையும் சரியாக அணிந்தால் 98 விழுக்காடு, மக்கள் நடைமுறையில் பயன்படுத்தும் விதத்தில் 87 விழுக்காடு, எச்.ஐ.வி. தடுப்பில் 80 விழுக்காடு. உடன் பணிபுரியும் ஒருவர் கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு, "அப்படியானால் ஐந்து முறை உறவு கொண்டால் ஒரு முறை கிருமி உள்ளே போய்விடும் என்றுதானே பொருள்?" என்று கேட்டார். இல்லை என்று உடனே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் இல்லை என்பதை மாணவிகள் கேட்டால் விளக்கும் அளவுக்கு எனக்குத் தெளிவில்லை. விந்தணுவைவிட வைரஸ் பன்மடங்கு சிறியது என்பதால்தான் எண் 98-லிருந்து 80-க்கு இறங்குகிறதா என்ற ஐயமும் கூடவே எழுகிறது. நோய்ப்பரவியல் படித்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

மருதன் எழுதியது:

இளவேனில் அவர்களுக்கு, நீங்கள் குறிப்பிட்ட மூன்று எண்களும் வெவ்வேறு அளவுகோல்களில் எடுக்கப்பட்டவை. அவற்றை ஒரே வரிசையில் அடுக்கினாலே குழப்பம் தொடங்கிவிடும்.

முதலில் கருத்தடைக் கணக்கைப் பார்ப்போம். 98, 87 ஆகிய இரண்டும் ஓராண்டுக் கணக்கு. ஆணுறையை மட்டுமே நம்பியிருக்கும் 100 பெண்களில், ஒவ்வொரு முறையும் சரியாகப் பயன்படுத்தினால் ஓராண்டில் ஏறத்தாழ 2 பேர் கருத்தரிப்பர். நடைமுறைப் பயன்பாட்டில் 13 பேர் கருத்தரிப்பர். அந்த 13 பேரில், "நாங்கள் ஆணுறைதான் பயன்படுத்துகிறோம்" என்று சொல்லிக்கொண்டே சில நாட்கள் அதை அணியாமல் விட்ட இணையரும் அடக்கம். ஆகவே அந்த எண் உறையின் குறையோடு மனிதர்களின் பழக்கத்தையும் சேர்த்தே அளக்கிறது. மேலும், 100-லிருந்து தோல்வியைக் கழித்து வந்த எண்கள் இவை. எந்தத் தடுப்பும் இல்லையென்றால் ஓராண்டில் 85 பேர் கருத்தரிப்பர் என்பதை அந்தக் கழித்தல் கணக்கில் எடுப்பதில்லை. 85 பேர் 13 பேராகக் குறைவது உண்மையில் 85 விழுக்காட்டுக் குறைப்பு.

எச்.ஐ.வி. தொடர்பான 80 விழுக்காடு இந்தக் குறைப்பு வகையைச் சேர்ந்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2002 திறனாய்வில், இணையரில் ஒருவருக்கு மட்டும் தொற்று இருக்க அவர்களைப் பல காலம் பின்தொடர்ந்த ஆய்வுகள் தொகுக்கப்பட்டன. எப்போதும் ஆணுறை பயன்படுத்துவதாகச் சொன்னவர்களிடையே 100 பேரை ஓராண்டு கவனித்தால் 1.14 புதிய தொற்றுகள் ஏற்பட்டன. ஒருபோதும் பயன்படுத்தாதவர்களிடையே அது 5.75. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 0.2 வரும், ஆகவே குறைப்பு 80 விழுக்காடு. உங்கள் நண்பர் சொன்ன "ஐந்தில் ஒரு முறை" இதில் எங்குமே இல்லை. ஒருபோதும் ஆணுறை அணியாதவர்களிலேயே ஓராண்டில் 100-க்கு ஏறத்தாழ 6 பேருக்குத்தான் தொற்று வந்திருக்கிறது என்பதைக் காட்டினால் அவருக்குப் புரிந்துவிடும்.

அந்தத் தொகுப்பில் இன்னொரு நுணுக்கம் உண்டு. 1.14 என்பது 13 குழுக்களிலிருந்தும், 5.75 என்பது 10 குழுக்களிலிருந்தும் எடுக்கப்பட்டவை. ஒரே ஆய்வுக்குள் இருவகையினரை ஒப்பிட்டுப் பெற்ற எண் அன்று. வெவ்வேறு ஊர்களில் வெவ்வேறு நிலையில் இருந்த மக்களின் விகிதங்களை எதிரெதிரே நிறுத்தியிருக்கிறார்கள். இதே ஆய்வாளரின் 1993 தொகுப்பில் 69 விழுக்காடு, 1999 தொகுப்பில் 87 விழுக்காடு, 2002-இல் 80 என்று வந்திருப்பதைக் கவனித்தால், இந்த எண் எந்த அளவுக்குத் தேர்ந்தெடுத்த ஆய்வுகளைச் சார்ந்திருக்கிறது என்பது விளங்கும். 1993 கணக்கில், தவறாமல் பயன்படுத்தியவரையும் அவ்வப்போது பயன்படுத்தியவரையும் பிரிக்காத ஆய்வுகளும் கலந்திருந்தன.

ஆய்வகத்தான் எழுதியது:

அளவு பற்றிய ஐயத்துக்கு நான் பதில் சொல்கிறேன். ரப்பர் பொருள்களின் தரச்சோதனையில் பணியாற்றியவன் என்பதால் இது எனக்குப் பழகிய பகுதி.

பன்னாட்டுத் தரநிலையான ஐ.எஸ்.ஓ. 4074-இன்படி ஒவ்வொரு உற்பத்தித் தொகுதியிலிருந்தும் மாதிரிகள் எடுக்கப்படும். துளைச் சோதனையில் ஆணுறைக்குள் 300 மில்லிலிட்டர் நீரை ஊற்றித் தொங்கவிட்டு, வெளிப்புறத்தில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பிறகு வாயை முறுக்கிப் பிடித்துக்கொண்டு உறிஞ்சுதாளின் மேல் உருட்டுவார்கள். தாளில் ஒரு புள்ளி ஈரம் பட்டாலும் அந்த உறை தோற்றதாகக் கொள்ளப்படும். இதில் ஏற்கத்தக்க தர வரம்பு 0.25 விழுக்காடு, அதாவது தோற்கும் உறைகள் 400-க்கு ஒன்று என்ற அளவு. அடுத்தது காற்றடைத்து வெடிக்கச் செய்யும் சோதனை. நடுத்தர அகலமுள்ள உறை குறைந்தது 18 லிட்டர் காற்றையும் 1 கிலோபாஸ்கல் அழுத்தத்தையும் தாங்கிய பின்னரே வெடிக்க வேண்டும். அடுப்பில் 70 பாகை செல்சியஸில் 7 நாட்கள் வைத்துச் செயற்கையாக முதுமைப்படுத்திய மாதிரிகளையும் இப்படி வெடிக்க வைப்பார்கள். முதல்முறை பார்ப்பவர்கள், தலையணை அளவைத் தாண்டியும் அது ஊதிக்கொண்டே போவதைக் கண்டு பின்வாங்கி நிற்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

வைரஸ் அளவுத் துகள்கள் புகுமா என்பதையும் 1992-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் ஆய்வாளர்கள் நேரடியாகச் சோதித்தனர். எச்.ஐ.வி. அளவுள்ள, ஒளிரும் நுண்கோளங்களை நீர்மத்தில் கலந்து, உண்மையான உடலுறவைவிடக் கடுமையான நிலைமைகளை ஏற்படுத்தினர். 89 உறைகளில் 29-இல் ஓரளவு கசிவு கண்டனர். இந்த 29 என்ற எண்ணைப் பிடித்துக்கொண்டு "மூன்றில் ஒன்று ஒழுகும்" என்று பரப்பியவர்கள் உண்டு. ஆனால் கசிந்த அளவு எவ்வளவு என்பதுதான் கேள்வி. மிக மோசமாகக் கசிந்த உறைகூட, உறையே இல்லாத நிலையோடு ஒப்பிட்டால் துகள் கடத்தலைக் குறைந்தது பத்தாயிரம் மடங்கு குறைத்தது. மேலும் எச்.ஐ.வி. விந்து நீர்மத்தில் இருக்கிறது. நீர்மமே தாண்டாத சுவரை அதில் மிதக்கும் வைரஸ் மட்டும் தனியே தாண்டிச் செல்வதில்லை. ஆகவே 98-க்கும் 80-க்கும் உள்ள இடைவெளியை ரப்பரின் துளைகளில் தேடுவது வீண்வேலை.

நெய்தல் எழுதியது:

ஆய்வகத்தான் ஐயா சொல்வதை ஏற்கிறேன். ஆனால் மருதன் சொல்லும் ஆய்வுகள் எல்லாம் பார்த்துக் குறித்தவைதானே? ஒரு மாத்திரையைச் சோதிப்பதுபோல் இரு குழுக்களைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சோதித்திருந்தால் இத்தனை சண்டையே இருந்திருக்காது. ஏன் செய்யவில்லை?

மருதன் எழுதியது:

நெய்தல், ஒரு குழுவினரிடம் "நீங்கள் ஆணுறை அணிய வேண்டாம்" என்று சொல்லி, அவர்களில் எத்தனை பேருக்கு எச்.ஐ.வி. வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்க எந்த நெறிமுறைக் குழுவும் ஒப்புதல் தராது. ஒப்புதல் கூடாது என்பதே என் கருத்தும். ஆகவே தடுப்பூசி, நுண்ணுயிர்க்கொல்லிக் களிம்பு எதைச் சோதித்தாலும் இரு குழுவினருக்கும் ஆணுறை கொடுத்து, அறிவுரையும் சொல்லியாக வேண்டும்.

விதிவிலக்காக ஒன்று நினைவுக்கு வருகிறது. கருப்பை வாயில் புற்றுக்கு முந்தைய மாற்றம் ஏற்கனவே இருந்த பெண்களை நெதர்லாந்தில் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பகுதியினரின் இணையரை மட்டும் ஆணுறை அணியச் சொன்னார்கள். முடிவுகள் 2003-இல் வெளிவந்தன. இரண்டு ஆண்டுகளில் ஆணுறைக் குழுவில் 53 விழுக்காட்டினருக்கு அந்த மாற்றம் தானாக மறைந்தது, மற்ற குழுவில் 35 விழுக்காட்டினருக்கு. அந்த மாற்றத்தை உண்டாக்கும் எச்.பி.வி. என்ற வைரஸின் தொற்று இந்த இணையரிடையே முன்பே இருந்தது, அங்கே கேள்வி நோய் தணிவதைப் பற்றியது என்பதால்தான் அந்தச் சோதனை சாத்தியமாயிற்று.

தேன்மொழி எழுதியது:

சமூக ஆய்வுக் களத்தில் நேர்காணல் எடுப்பவள் என்ற முறையில், இதுவரை யாரும் தொடாத இடத்தை நான் தொட விரும்புகிறேன். மருதன் அவர்களின் கணக்கில் "எப்போதும் பயன்படுத்துவதாகச் சொன்னவர்கள்" என்று ஒரு தொடர் வந்தது. ஆணுறை ஆய்வின் மெலிந்த இடம் அந்தச் "சொன்னவர்கள்" என்பதில் இருக்கிறது. எதிரே ஒரு பெண் குறிப்பேட்டோடு உட்கார்ந்து, சற்றுமுன் ஆணுறையின் அவசியத்தைப் பற்றி அறிவுரையும் கூறிவிட்டு, "கடந்த மாதம் எத்தனை முறை அணியவில்லை?" என்று கேட்டால், உண்மையைச் சொல்ல எத்தனை பேருக்கு மனம் வரும்? சொல்ல நினைப்பவர்களுக்கும் மூன்று மாதத்துக்கு முந்தைய நிகழ்வுகள் எண்ணிக்கையாக நினைவில் நிற்பதில்லை.

இதைச் சரிபார்க்க ஆய்வாளர்கள் உடலிலேயே சான்று தேடினார்கள். விந்தில் பி.எஸ்.ஏ. என்ற புரதம் உண்டு. பாதுகாப்பற்ற உறவுக்குப் பின் ஏறத்தாழ இரண்டு நாட்கள் வரை அதைப் பெண்ணுறுப்பிலிருந்து எடுத்த மாதிரியில் கண்டறியலாம். ஜிம்பாப்வேயில் ஓர் ஆய்வில் பி.எஸ்.ஏ. இருப்பதாகத் தெரிந்த பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர், முந்தைய இரண்டு நாட்களில் உறவே கொள்ளவில்லை என்றோ ஆணுறையோடு மட்டுமே உறவு கொண்டதாகவோ கூறியிருந்தனர். நேர்காணலுக்குப் பதிலாகக் காதொலிக் கருவியோடு கணினியில் தனியே பதிலளிக்க வைத்தும் அங்கே பெரிய மாற்றம் தெரியவில்லை என்பது எங்களைப் போன்றவர்களுக்குச் சங்கடமான செய்தி. அமெரிக்காவில் இளம் பெண்களிடையே, ஆண்களின் உயிரணுக்களில் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோமின் தடயத்தைத் தேடிய ஆய்வின் முடிவு 2009-இல் வந்தது. ஒவ்வொரு முறையும் ஆணுறை பயன்படுத்தியதாகக் கூறியவர்களில் 34 விழுக்காட்டினரிடம் அந்தத் தடயம் இருந்தது. ஒய் குரோமோசோம் தடயம் பி.எஸ்.ஏ.வைவிட நெடுநாள், இரண்டு வாரம் அளவுக்குக்கூட, தங்கக்கூடியது. ஆகவே இரண்டு சோதனைகளும் வெவ்வேறு கால அளவுக்குச் சாட்சி சொல்கின்றன.

அவர்கள் எல்லாரும் பொய் சொன்னார்கள் என்று உடனே முடிவு கட்டிவிடக் கூடாது. உறை நழுவியிருக்கலாம், கழற்றும்போது சிந்தியிருக்கலாம், உறவின் நடுவே அணிந்திருக்கலாம். இந்தியானா பல்கலைக்கழகக் கல்லூரி மாணவர்களிடையே 2002-இல் எடுத்த ஆய்வில், ஐந்தில் இருவர் அளவுக்கு உறவைத் தொடங்கிய பிறகே அணிந்ததாகக் கூறினர். அப்படிச் செய்தவரும் "அணிந்தேன்" என்றுதான் பதில் சொல்வார், அவர் பொய்யரும் அல்லர்.

நமக்கு அருகிலேயே கர்நாடகத்தில் வாக்குச்சாவடி முறை என்று ஒரு வழியைப் பின்பற்றினார்கள். பங்கேற்பாளர்கள் குழுவாக அமர்வர், ஒவ்வொருவருக்கும் மறைப்பு இருக்கும். கேள்வியை நடத்துநர் சத்தமாகப் படிக்க, கேள்வியின் எண்ணிட்ட சீட்டை ஆம் அல்லது இல்லை பெட்டியில் போட வேண்டும். எந்தச் சீட்டு யாருடையது என்று எவருக்கும் தெரியாது. சமூகம் குறையாகப் பார்க்கும் நடத்தைகள், நேருக்கு நேர் கேட்டதைவிட இதில் கூடுதலாக வெளிவந்தன. ஆனால் அந்தப் பதிலைத் தனிநபரின் இரத்தப் பரிசோதனை முடிவோடு இணைக்க வழியில்லை. மறைவு கொடுத்த நேர்மைக்கு விலையாக அந்த இணைப்பை இழக்கிறோம்.

நெய்தல் எழுதியது:

அப்படியானால் 80 என்ற எண்ணையே நம்ப முடியாது என்று ஆகிவிடுகிறதே. உண்மை 60-ஆகவும் இருக்கலாம் அல்லவா?

மருதன் எழுதியது:

பிழை எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்க்க வேண்டும், நெய்தல். ஒரு கற்பனைக் கணக்குப் போடுவோம். ஆணுறையின் உண்மையான பாதுகாப்பு 95 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். "எப்போதும்" என்று சொன்ன 100 பேரில் 15 பேர் உண்மையில் அணியாதவர்கள். அணியாத 100 பேருக்கு வரக்கூடிய தொற்றை 100 அலகு என்று கொண்டால், உண்மையாக அணிந்த 85 பேரிடமிருந்து 4.25 அலகும், அணியாத 15 பேரிடமிருந்து 15 அலகும் வரும். கூட்டினால் 19.25. ஆய்வாளர் கையில் கிடைப்பது ஏறத்தாழ 81 விழுக்காட்டுப் பாதுகாப்பு! தேன்மொழி அவர்கள் காட்டிய எண்களோடு ஒப்பிட்டால் 15 என்பது மிகையான ஊகமில்லை. ஆகவே தவறான பதில்கள் பெரும்பாலும் ஆணுறையின் திறனைக் குறைத்தே காட்டும்.

இணையரில் ஒருவருக்கு மட்டும் எச்.ஐ.வி. இருந்தவர்களைப் பற்றி 1994-இல் வெளியான ஐரோப்பிய ஆய்வு இதற்குத் துணை நிற்கிறது. தவறாமல் ஆணுறை பயன்படுத்திய 124 இணையர் மொத்தமாக ஏறத்தாழ 15,000 முறை உறவு கொண்டும் ஒருவருக்குக்கூடத் தொற்று பரவவில்லை. ஒழுங்கின்றிப் பயன்படுத்திய 121 இணையரில் 12 பேருக்குப் பரவியது. அந்த ஆய்வில் இணையரை மீண்டும் மீண்டும் சந்தித்து, கேட்டு, அறிவுரை கூறிப் பின்தொடர்ந்தார்கள். அங்கே "எப்போதும்" என்ற பதிலின் தரம் உயர்ந்திருந்தது என்றே நான் கருதுகிறேன்.

எதிர்த்திசையில் இழுக்கும் பிழைகளும் உண்டு என்பதை மறைக்கக் கூடாது. எப்போதும் ஆணுறை அணிபவர் வேறு விதங்களிலும் எச்சரிக்கையானவராக இருப்பார். அவருக்குத் தொற்று வராததன் பெருமை முழுவதும் ஆணுறைக்குப் போய்ச் சேரும். உகாண்டாவின் ராக்காயில் 17,264 பேரிடையே நடந்து 2001-இல் வெளிவந்த ஆய்வில், தவறாமல் பயன்படுத்தியவர்கள் 4.4 விழுக்காட்டினர் மட்டுமே. அவர்களிடையே எச்.ஐ.வி. தொற்று 63 விழுக்காடு குறைவாக இருந்தது. அவ்வப்போது பயன்படுத்தியவர்களுக்கு எந்தப் பாதுகாப்பும் தெரியவில்லை. அதைவிட, கொனோரியா, கிளமிடியா என்ற பால்வினைத் தொற்றுகள் அவர்களிடையே கூடுதலாகவே காணப்பட்டன. ஆணுறை நோயைக் கொண்டுவந்தது என்று இதற்குப் பொருள் கொள்ள முடியாது. ஆபத்தான உறவு என்று தோன்றும்போது மட்டும் அணிபவர்கள் அந்தக் கூட்டத்தில் சேர்ந்துவிடுகிறார்கள்.

ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களைப் பற்றிய அமெரிக்கக் கணக்கீடுகளையும் பாருங்கள். எச்.ஐ.வி.க்கு எதிரான பாதுகாப்பு 2015-இல் 70 விழுக்காடு என்றனர். 2018-இல், ஒவ்வோர் இணையோடும் எப்படி நடந்துகொண்டார் என்று தனித்தனியே பிரித்துப் பகுத்தபோது 91 விழுக்காடு வந்தது. உறை மாறவில்லை, பகுத்த விதம் மாறியது.

தேன்மொழி எழுதியது:

இணையருக்குத் தொற்று இருந்ததா என்று தெரியாமலே அளப்பதால் வரும் சிக்கலையும் இங்கே சேர்க்க வேண்டும். 1990-களில் ஐந்து அமெரிக்க நகரங்களின் பால்வினை நோய்ச் சிகிச்சையகங்களுக்கு வந்தவர்களின் தரவை 2004-இல் மீண்டும் பகுத்துப் பார்த்தார்கள். இணையருக்குத் தொற்று இருந்ததா என்று தெரியாத 4,314 பேரிடையே, தவறாமல் ஆணுறை அணிந்தவர்களில் 24 விழுக்காட்டினருக்கும் மற்றவர்களில் 25 விழுக்காட்டினருக்கும் கொனோரியா அல்லது கிளமிடியா இருந்தது. இதை மட்டும் பார்த்தால் ஆணுறையால் பயனே இல்லை என்று எழுதிவிடலாம். ஆனால் தொற்றுள்ள இணையரோடு உறவு கொண்டது உறுதியாகத் தெரிந்த 429 பேரை மட்டும் எடுத்தபோது தவறாமல் அணிந்தவர்களில் 30 விழுக்காடு, மற்றவர்களில் 43 விழுக்காடு என்று வேறுபாடு தெளிவாக விரிந்தது. தொற்றே இல்லாத இணையரோடு ஆணுறை அணிந்தாலும் அணியாவிட்டாலும் நோய் வரப்போவதில்லை. அத்தகையோர் பெருந்தொகையாகக் கலந்தால் வேறுபாடு கரைந்துவிடும்.

2001 ஜூலையில் அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் வெளியிட்ட அறிக்கையை இதோடு சேர்த்துப் படிக்கலாம். எச்.ஐ.வி.க்கும், ஆண்களுக்கு வரும் கொனோரியாவுக்கும் மட்டுமே போதிய சான்று உண்டு, பிற தொற்றுகளுக்கு அன்றிருந்த ஆய்வுகளின் தரம் போதாது என்று அது கூறியது. "சான்று போதாது" என்பதை "பயன் இல்லை" என்று மாற்றி அரசியல் மேடைகளில் பேசினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் நல்ல ஆய்வுகள் வந்தன. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் புதிதாகப் பாலுறவைத் தொடங்கிய 82 மாணவிகள் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இணைய நாட்குறிப்பில் பதிவு செய்தனர். 2006-இல் வந்த முடிவு, எப்போதும் ஆணுறை அணிந்த இணையரைக் கொண்டவர்களில் 100 பேருக்கு ஆண்டொன்றில் 37.8 புதிய எச்.பி.வி. தொற்றும், மிக அரிதாகவே அணிந்தவர்களில் 89.3-உம் என்று காட்டியது. முன்பே பாலுறவில் ஈடுபட்டிருந்தவர்களை விட்டு, ஏறத்தாழ முதல் உறவிலிருந்தே பின்தொடர்ந்ததால் பழைய தொற்றா புதியதா என்ற தகராறு அங்கே எழவில்லை. எனினும் 37.8 என்பது சிறிய எண்ணன்று. உறை மறைக்காத தோலிலிருந்தும் எச்.பி.வி. பரவும்.

இளவேனில் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பாடக்குறிப்பில் ஒவ்வோர் எண்ணோடும் யாரை யாரோடு, எவ்வளவு காலம் ஒப்பிட்டார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கிழிவது, நழுவுவது பற்றிய எண் ஏதாவது சேர்க்கலாமா? 2022-இல் அமெரிக்காவில் ஓர் ஆணுறை குதவழி உறவுக்கென முதன்முதலாக அனுமதி பெற்றபோது 0.68 விழுக்காடு என்று ஓர் எண் படித்தேன். அதை 80-க்கு அருகில் வைத்தால் மாணவிகளுக்கு நம்பிக்கை வரும் என்று தோன்றுகிறது.

ஆய்வகத்தான் எழுதியது:

சேர்க்கலாம், ஆனால் அருகில் வைக்க வேண்டாம். 504 ஆண்கள் பங்கேற்ற அந்தச் சோதனையில் எண்ணியது உறவுகளை. அதாவது எத்தனை உறவுகளில் உறை கிழிந்தது அல்லது முழுதாகக் கழன்றது என்று. குதவழியில் 0.68 விழுக்காடு, பெண்ணுறுப்பு வழியில் 1.89 விழுக்காடு. அங்கே தொற்று எதையும் கணக்கிட்டு இந்த எண் வரவில்லை. உறையைப் பிரிக்கும்போது நகம் பட்டுக் கிழிந்ததைத் தோல்வியாகக் கொள்வதில்லை, ஏனெனில் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். உறவின்போதோ உருவும்போதோ கிழிந்தால் மட்டுமே கணக்கில் வரும். தனி அட்டவணையாக, "100 முறை அணிந்தால் எத்தனை முறை உறை தோற்றது" என்ற தலைப்பில் போடுங்கள். பெண்ணுறுப்பு வழியைவிடக் குதவழியில் எண் குறைவாக இருப்பது ஏன் என்று மாணவிகள் நிச்சயம் கேட்பார்கள். அங்கே வழுவழுப்பூட்டும் களிம்பின் பங்கைப் பேச உங்களுக்கு நல்ல வாய்ப்பு. எண்ணெய் கலந்தது லேட்டக்ஸைக் கெடுக்கும், நீர் அல்லது சிலிக்கோன் அடிப்படையிலானது கெடுக்காது என்பதையும் அதே அட்டவணையின் கீழே சேர்த்துவிடுங்கள்.